வேலையில திடீர் மாற்றமா? பட்டினப்பாக்கம் மீனவ மக்கள் எப்படிச் சமாளிக்கிறாங்க? ஐடி ஊழியர் முதல் டெலிவரி பார்ட்னர் வரை தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காலை நேரம். பட்டினப்பாக்கம் கடற்கரை. ஃபைபர் படகு ஒன்று கரையேறுகிறது. வலையில் இருந்து மீனைப் பிரித்து எடுத்து மணலில் கொட்டியதும் ஏலம் ஆரம்பம். சில நிமிடங்களில் சங்கராவும் காரப்பொடியும் கைமாறிவிடும். ஏலம் எடுத்த பெண் அன்று மாலைக்குள் அதை விற்றாக வேண்டும். விற்றால்தான் ஏலக் கடன் அடையும், வீட்டில் அடுப்பு எரியும். நாளைக்கு எவ்வளவு மீன் வரும்? யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எம்.ஆர்.சி. நகர். கண்ணாடிக் கட்டிடங்கள், அடையாள அட்டை, மாதச் சம்பளம். ஆனால் அங்கேயும் இப்போது அதே கேள்விதான்: "அடுத்த மாசம் வேலை இருக்குமா?"

2025 ஜூலையில், டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. 2030-க்குள் உலக அளவில் 17 கோடி புதிய வேலைகள் உருவாகலாம், 9.2 கோடி வேலைகள் காணாமல் போகலாம் என்பது அதன் கணிப்பு. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் வேலை போகிறவரும் புது வேலை கிடைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கப் போவதில்லை. பயமே அங்கேதான்.

நிச்சயமில்லாத வருமானத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவர்கள் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் மீனவ மக்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அவர்களாலும் சமாளிக்க முடியாமல் போன இடம் எது? விரிவாகப் பார்க்கலாம்.

லூப் சாலையில் என்ன நடந்தது?

கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிப் போவது லூப் சாலை. நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம், டுமீங்குப்பம் என மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கும் பகுதி. பல வருடங்களாக இந்தச் சாலையோரத்தில்தான் மீன் வியாபாரம். பைக்கில் போகிறவர் வண்டியை ஓரம் கட்டி, பேரம் பேசி, மீனை வெட்டி வாங்கிக்கொண்டு போவார்.

* ஏப்ரல் 2023: போக்குவரத்துக்கு இடையூறு என்ற அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையோர ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. கடைகள் அகற்றப்பட்டன.

* அதே மாதம்: மீனவ மக்கள் சாலையில் இறங்கிப் போராடினர். "இது எங்க குப்பத்து ரோடு. நாங்க ஆக்கிரமிக்கல, ரோடுதான் எங்க இடத்துல வந்துச்சு" என்பது அவர்கள் தரப்பு வாதம்.

* ஆகஸ்ட் 2024: நொச்சிக்குப்பத்தில் சுமார் 15 கோடி ரூபாயில், 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு மாநகராட்சி கட்டிய நவீன மீன் அங்காடியை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். மீன் வெட்டத் தனி இடம், வாகன நிறுத்தம் எல்லாம் உண்டு.

இந்தக் கடற்கரைக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றது. பெரும் போராட்டம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 சுனாமி உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகும் சீனிவாசபுரத்தில் கடல் அரிப்பு வீடுகளைத் தின்றுகொண்டேதான் இருக்கிறது.

'மாற்றம்' எத்தனை வகை?

வேலையில் வரும் எல்லா மாற்றத்தையும் ஒரே மாதிரிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. மீன்பிடித் தொழிலை வைத்துப் பார்த்தால் மூன்று வகை தெளிவாகத் தெரியும்.

1. தேதி தெரிந்த மாற்றம். எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். உதாரணம்: மீன்பிடித் தடைக்காலம், மழைக்காலம்.

2. தினசரி நிச்சயமின்மை. நடக்கும் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. உதாரணம்: இன்றைய மீன்வரத்து, இன்றைய ஏல விலை.

3. திடீர் அடி. எதிர்பார்க்கவே முடியாது. உதாரணம்: சுனாமி, திடீரென்று வரும் உத்தரவு.

ஆபீஸ் வேலைக்கும் இதே கணக்குதான். ஒப்பந்தம் முடியும் தேதி முதல் வகை. இன்சென்டிவ், கமிஷன், டெலிவரி ஆர்டர் எண்ணிக்கை எல்லாம் இரண்டாவது வகை. ஒரு மின்னஞ்சலில் வேலை போவது மூன்றாவது வகை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

வகை 1: தேதி தெரிந்தால் சேமிப்புதான் மருந்து

தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக இந்த ஏற்பாடு. 2001-ல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்கள் ஆனது.

பட்டினப்பாக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சின்ன ஃபைபர் படகுகள். இவற்றுக்குத் தடை இல்லை. காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும் நாட்களில் இங்கே வரும் கரைவலை, சின்னப் படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அதாவது ஒருவருக்கு முடக்கமான காலம், இன்னொருவருக்கு சீசன். ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சின்னப் படகுகளுக்குத்தான் முதலில் சிக்கல். புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை நாள் கரையில் கிடக்க வேண்டும் என்பது வானிலையின் கையில்.

இதற்கு அரசுத் திட்டங்கள் என்ன சொல்கின்றன?

* தடைக்கால நிவாரணம்: கடலோர மீனவக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாயாக இருந்தது, 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

* சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம்: மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தரும். மீனவப் பெண்களுக்கும் இதேபோல் தனித் திட்டம் இருக்கிறது.

8,000 ரூபாயை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்தான் வரும். அதை வைத்து ஒரு குடும்பம் ஓடாது. அதனால்தான் குப்பத்துப் பெண்கள் சீட்டு, சுயஉதவிக் குழு என்று கையில் வேறு வழியும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சேமிப்புத் திட்டத்தின் வடிவம் கவனிக்க வேண்டியது. வருமானம் வரும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, வராத மாதங்களில் மொத்தமாக எடுப்பது. சம்பளக்காரர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். முதலில் வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து என்று தவிர்க்கவே முடியாத மாதச் செலவை மட்டும் கூட்டுங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். அந்தத் தொகைதான் முதல் இலக்கு. பெரிய தொகையாகத் தெரிந்தால் ஒரு மாதச் செலவில் இருந்து ஆரம்பிக்கலாம்.

வகை 2: தினசரி நிச்சயமின்மைக்கு 'பங்கு' முறை

படகில் போகும் தொழிலாளர்களுக்குப் பொதுவாக மாதச் சம்பளம் கிடையாது. பங்குதான். மீன் விற்ற பணத்தில் எரிபொருள், ஐஸ் போன்ற செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு இத்தனை பங்கு என்று பிரிப்பார்கள். எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும்.

இதில் என்ன லாபம்? மீன் கிடைக்காத நாளில் நஷ்டம் ஒரே தலையில் விழாது. கிடைத்த நாளில் எல்லாருக்கும் கூடுதலாக வரும்.

கரையில் இருக்கும் பெண்களும் வேறு விதத்தில் இதையே செய்கிறார்கள். விலை அதிகமான வஞ்சிரத்தை மட்டும் நம்பி யாரும் கடை போடுவதில்லை. பக்கத்திலேயே நெத்திலி இருக்கும், காரப்பொடி கூறு கட்டி இருக்கும், இறால் கொஞ்சம் இருக்கும். விற்காத மீன் உப்புக்கும் வெயிலுக்கும் போய் கருவாடாகும். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்.

மாதாமாதம் வருமானம் ஏறி இறங்குகிற ஃப்ரீலான்ஸர், விற்பனைப் பிரதிநிதி, டெலிவரி தொழிலாளி ஆகியோருக்கு இதில் பாடம் இருக்கிறது. நல்ல மாதத்து வருமானத்தை வைத்து இஎம்ஐ முடிவு செய்யக் கூடாது. கடந்த ஒரு வருடத்தில் ரொம்பக் குறைவாக வந்த மாதம் எதுவோ, அந்தத் தொகைக்குள் அடங்குகிற தவணையை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரே வாடிக்கையாளர், ஒரே செயலி என்று தொங்காமல் இருப்பது அடுத்த பாதுகாப்பு.

வகை 3: திடீர் அடிக்கு எது கைகொடுக்கும்?

இங்கே சேமிப்பு மட்டும் போதாது. ஒரே நாளில் கடையை எடுக்கச் சொன்னால் மூன்று மாதச் சேமிப்பு மூன்று மாதத்துக்குத்தான் வரும். லூப் சாலையில் மக்களுக்குக் கைகொடுத்தது இரண்டு விஷயம்: ஒற்றுமை, ஆவணம்.

தனித்தனியாக ஒரு மீன் கடைக்காரம்மா மாநகராட்சியிடம் போய் நின்றிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர் மொத்தமும் ஒன்றாக நின்றதால் விஷயம் பேச்சுவார்த்தைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. அங்காடியில் யாருக்குக் கடை என்ற கேள்வி வரும்போது, "நான் இத்தனை வருஷமா இங்கதான் வியாபாரம் பண்றேன்" என்பதற்கு அடையாளம் தேவைப்பட்டது. பெயர் பட்டியலில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே இருக்கும் தூரம் அப்போதுதான் தெரியும்.

சாலையோர வியாபாரிகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும், வியாபாரச் சான்றிதழ் தர வேண்டும். அது முடியும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடமாற்றம் செய்வதாக இருந்தால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ் ஊழியர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதன்படி:

* ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும்.

* வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு.

* புதுத் திறன் கற்பதற்காக, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகை. இது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும்.

* குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு.

ஆட்குறைப்புப் பாதுகாப்பு சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வர மாட்டார்கள். பதவியின் பெயர் 'மேனேஜர்' என்று இருந்தாலும், உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். "நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க, ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று கேட்டால் உடனே கையெழுத்து போட வேண்டாம். ராஜினாமா செய்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடு கேட்பது சிக்கலாகிவிடும். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் அல்லது சங்கத்திடம் பேசிய பிறகு முடிவு செய்யலாம்.

தொழிலே மாறிப் போனால்?

சுனாமிக்கு முன்பு இந்தக் கரையில் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடக்கும். அதற்கு எரிபொருள் வேண்டாம், காற்றும் கையும் போதும். சுனாமி நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்த பிறகு நிலைமை மாறியது. கட்டுமரம் ஓட்டியவர்கள் இன்ஜின் பழக வேண்டியிருந்தது. தினமும் எரிபொருள் செலவு என்ற புதுக் கணக்கும் சேர்ந்தது.

ஆனால் கடலைப் படிக்கும் அறிவு அப்படியே இருந்தது. எந்தக் காற்றில் எந்த மீன் வரும், எங்கே பாறை, எங்கே மணல், எப்போது அலையைத் தாண்ட வேண்டும் என்பதை எந்தப் படகும் மாற்றவில்லை. கருவி மாறியது, தொழிலறிவு கூடவே வந்தது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போதும் அதுதான் நடந்தது. இப்போது மழைக்காலம் வந்தாலே மாநகராட்சி மீனவர் படகுகளைத் தயாராக நிறுத்தி வைக்கிறது. தண்ணீரில் பயமில்லாமல் வேலை செய்யத் தெரிந்தவருக்குக் கடலுக்கு வெளியேயும் ஒரு தேவை இருந்திருக்கிறது.

மீனவ இளைஞர்களைக் கடலோரக் காவல்படை, கடற்படை வேலைகளுக்குத் தயார் செய்ய தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. அதுவும் இதே அடிப்படைதான்.

உங்கள் வேலையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கட்டுமரம் மாதிரி, அது மாறலாம். வாடிக்கையாளரிடம் பேசத் தெரிவது, கணக்கில் தப்பு எங்கே என்று பார்த்ததும் கண்டுபிடிப்பது, டீமை நேரத்துக்கு வேலை முடிக்க வைப்பது எல்லாம் கடலறிவு மாதிரி. பயோடேட்டாவில் பலர் முதல் விஷயத்தை மட்டும் எழுதி, இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

அப்படின்னா எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. புதுக் கட்டிடம் வந்தாலே பிரச்சனை தீர்ந்துவிடாது என்பதற்கும் லூப் சாலைதான் உதாரணம்.

சாலையோரக் கடையின் பலமே போகிற வழியில் நிற்கும் வாடிக்கையாளர்தான். அங்காடி என்றால் அவர் வண்டியை நிறுத்தி, உள்ளே நடந்து வர வேண்டும். முன்வரிசைக் கடைக்கும் உள்வரிசைக் கடைக்கும் வியாபாரம் ஒரே மாதிரி இருக்காது. கூரை, தண்ணீர், சுத்தம் கிடைத்திருக்கிறது. பழைய வாடிக்கையாளரைத் திரும்பப் பிடிக்கும் வேலை மட்டும் அந்தப் பெண்களின் தலையிலேயே இருக்கிறது.

அடுத்து, யார் கணக்கில் வருகிறார்கள் என்ற கேள்வி. கடலுக்குப் போகிறவர்தான் 'மீனவர்' என்று பார்க்கப் பழகிவிட்டதால், ஏலம் எடுத்து விற்பவர், மீன் வெட்டித் தருபவர், தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகப் போகிறவர் எல்லாம் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். மாற்றம் வரும்போது முதலில் பாதிக்கப்படுவதும் இவர்கள்தான். பெரிய நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடக்கும்போது கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், கேப் ஓட்டுநர்கள் எந்தச் செய்தியிலும் வராமல் வேலை இழப்பது போலத்தான் இதுவும்.

அதனால், "மாற்றத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்" என்று தனிமனிதருக்கு மட்டும் அறிவுரை சொல்வது பாதி உண்மைதான். மாற்றத்தைக் கொண்டுவருபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவகாசம் தர வேண்டும், ஈடு செய்ய வேண்டும். அதைக் கேட்பதும் சமாளிப்பதில் ஒரு பகுதி.

இப்பவே செய்ய வேண்டியவை

* ஆவணங்களைச் சேகரியுங்கள்: பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் எண், பாராட்டு மின்னஞ்சல்கள். வேலை போன பிறகு ஆபீஸ் மெயில் திறக்காது. ரகசியத் தகவல்களை மட்டும் எடுக்காதீர்கள்.

* சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள்: கம்பெனி காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும்.

* ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்: வேலையிழந்தவர்களுக்கான அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், தகுதி இருந்தால் சராசரி தினச் சம்பளத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்குக் கிடைக்கும். திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால், தற்போதைய நிலையை ஈஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

* டெலிவரி, டாக்ஸி தொழிலாளர்கள் பதிவு செய்யுங்கள்: 2023 டிசம்பரில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கிக் தொழிலாளர் நல வாரியம், மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் இரண்டிலும் பதிவு செய்யலாம்.

* சாலையோர வியாபாரிகள்: பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடன் கிடைக்கும். முதல் தவணை 15,000 ரூபாய் வரை. மீட்டர் வட்டிக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

* மாணவர்கள்: 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பாடத்தோடு சேர்த்துத் திறன் பயிற்சியும் இலவசம். பட்டம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

* வீட்டில் சொல்லுங்கள்: வேலை போனதை மறைத்து, தினமும் பையோடு கிளம்பி பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் உண்டு. செலவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்கு விஷயமே தெரியாவிட்டால், கடன்தான் ஏறும்.

தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தனியாகச் சுமக்க வேண்டாம். டெலிமனாஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சுருக்கமாக

தேதி தெரிந்த மாற்றத்துக்குச் சேமிப்பு. தினசரி நிச்சயமின்மைக்குப் பகிர்வும் பல வழி வருமானமும். திடீர் அடிக்கு ஆவணமும் கூட நிற்கும் ஆட்களும். இதில் எது உங்களிடம் இல்லையோ, அதில் இருந்து ஆரம்பிக்கலாம்.

பட்டினப்பாக்கத்தில் ஒரு நாள் வலை காலியாக வந்தால், கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பார்கள். மறுநாள் படகு மறுபடி இறங்கும். அன்றைக்கும் மீன் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஆனால் வலை தயாராக இருக்கும்.